கயிறு யார் கையில்?

கட்டுமானத் தளத்தில் எனக்கு ‘மேலிடம்’ என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது. தெரிந்திருந்தால் கொக்கியில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியிருப்பேன். டவர் கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து லீவர் பிடிப்பது என் வேலை. கம்பிக்கட்டோ, செங்கலோ, சிமெண்டோ, எது மேலே போக வேண்டுமானாலும் என் தயவு வேண்டும். அதனால் கீழே, “மேலிடம் என்ன சொல்லுது?” “மேலிடத்துலேர்ந்து இன்னும் உத்தரவு வரல” என்று ஒரே அரசியல். டீ கொடுக்கிறவர்கூட என் டம்ளரைத் தனியாகக் கழுவி வைத்திருக்கிறார்.

கீழே நின்று எனக்குச் சைகை காட்டும் சிக்னல்காரர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். எடு, இறக்கு, உள்ளே வா, நிறுத்து என்று அவர் சொல்ல வேண்டும், நான் செய்ய வேண்டும். சுவருக்குப் பின்னால், என் கண்ணுக்கே தெரியாத இடத்தில் சுமையை வைக்கும்போது அவர் குரல்தான் எனக்குக் கண். வேலை நேரம் முழுக்க அவர் உத்தரவிடுவார், நான் கீழ்ப்படிவேன். வீட்டு வாசலை மிதித்ததும் ஷிப்ட் மாறிவிடும். இந்த ஏற்பாட்டில் இருவருக்குமே குறை இருந்ததில்லை.

எங்கள் வேலையில் ஒரு கறாரான பழக்கம் உண்டு. வாக்கிடாக்கியில் வந்தது தெளிவாகக் கேட்காவிட்டால் லீவரைத் தொடக் கூடாது. குத்துமதிப்பாகப் புரிந்துகொண்டு எதையாவது நகர்த்தினால் கீழே ஒருவர் நசுங்கிப் போவார். “திரும்பச் சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் அவர் சலிக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு விஷயத்தை இரண்டாம் முறை சொல்லச் சொன்னால் எரிந்து விழுகிற மனிதர், வாக்கிடாக்கியில் தங்கமாகச் சொல்வார். அதனால் முக்கியமான குடும்ப விஷயங்களை வேலை நேரத்தில் பேசினால் என்ன என்றுகூட நான் யோசித்ததுண்டு. தளம் முழுக்க ஒரே அலைவரிசை, எல்லார் காதிலும் விழும் என்பதால் விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சுமை ஆடுவதைப் பற்றி. கம்பிவடத்தின் முனையில் தொங்குகிற எதுவும் ஆடும். காற்று அடித்தால் கேட்கவே வேண்டாம். அதை அடக்க வழி அதன் பின்னால் ஓடுவதுதான். சுமை வெளிப்பக்கம் போகிறதா, மேலே கிரேனின் கையில் வடத்தைச் சுமந்து ஓடுகிற டிராலியையும் வெளிப்பக்கம் நகர்த்தி, சுமை ஓரத்துக்குப் போய் ஒரு கணம் தயங்கி நிற்கும்போது சரியாக அதன் உச்சந்தலைக்கு மேலே போய் நின்றுவிட வேண்டும். வடம் செங்குத்தாகிவிட்டால் அதற்குத் திரும்பி ஆட ஒரு காரணமும் இருக்காது. கோபித்துக்கொண்டு போகிற ஆளைக் கையைப் பிடித்து இழுத்தால் உதறிவிட்டு இன்னும் வேகமாகப் போவார். பேசாமல் கூடவே நடந்து போனால் தெருமுனையில் தானாக நின்றுவிடுவார். சுமையும் அந்த ரகம்தான்.

இவ்வளவும் தெரிந்த நாங்கள் இருவரும் சேர்ந்து அடித்த கூத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியத்துக்குமேல் காற்று கிளம்பியது. என் கூண்டில் காற்றின் வேகத்தைக் காட்டும் கருவி இருக்கிறது. பச்சை எரிந்தால் தூக்கலாம். மஞ்சள் என்றால் பார்த்து. சிவப்பு எரிந்தால் நான் மகாராணி, தூக்கு என்று யாரும் சொல்ல முடியாது. சிவப்பு எரிந்தது. கான்கிரீட்டுக்கு அடைக்கிற ஷட்டர் பலகை ஒன்றே ஒன்று மட்டும் மேலே போக வேண்டியிருந்தது. நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன்.

“ஒரே ஒரு தூக்குதானே, எடுத்துடு” என்றார் வீட்டுக்காரர்.

சிவப்பு எரிகிறது என்றேன். இங்கே காற்றே தெரியவில்லையே என்றார். தரையில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நியாயமான கேள்விதான், ஆனால் கொஞ்சம் காரமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பிறகு அவர் சொன்னார்:

“விடுங்கப்பா. மேலிடத்துக்கு பயம் வந்துடுச்சு.”

யாரோ சிரித்தார்கள். அதைக் கேட்டு இன்னும் யாரோ சிரித்தார்கள்.

எனக்கா பயம்? மழையில் வழுக்குகிற ஏணியில் தினமும் ஏறி இறங்குகிறவள் நான். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாரிடமே பயப்படாதவள். அந்தக் காலத்தில் ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. இவள் தைரியத்தைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்று கண்ட இடத்தில் பெருமையடித்த வாய், இன்று தளம் முழுக்கக் கேட்க இப்படிச் சொல்லிவிட்டது. காதெல்லாம் சூடேறியது. அழுகையும் வந்தது, அதை யாருக்கும் காட்டவில்லை. அவ்வளவு உயரத்தில் இருப்பதில் அது ஒரு வசதி.

வேலை முடிந்து இறங்கும்போது கிரேனைப் பூட்டி வைக்கக் கூடாது. திரும்பும் பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் கிரேனின் நீண்ட கை தானாகத் திரும்பிக்கொள்ளும். காற்றோடு போவதால் சேதமில்லை. பூட்டி வைத்த கிரேன்தான் காற்றை நெஞ்சில் வாங்கிச் சாயும். அன்றும் பிரேக்கை ஒழுங்காக விடுவித்தேன். பிறகு என்னை இறுக்கிப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் பேச்சு நின்றது. அவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார், ஒரு முறை வேண்டுமென்றே கதவில் இடித்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களோடு என் நாத்தனார் இருக்கிறாள். துணிக்கடையில் வேலை, நாக்கு கத்தரிக்கோலைவிடக் கூர்மை. அவளிடம், உன் அண்ணனுக்குக் குழம்பு வேண்டுமா கேள் என்றேன். அவள் அண்ணனைக் கேட்டாள். போதும் என்று சொல் என்றார் அவர், என் முன்னாலேயே, என் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. இரண்டு வேளை இப்படிப் போனது. மூன்றாம் வேளை அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“நான் என்ன வாக்கிடாக்கியா? பட்டனை அமுக்கி நீங்களே பேசிக்கோங்க.”

தளத்தில் அவர் வேறொரு வேலை செய்தார். எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்தார். “கொஞ்சம் இறக்குங்க.” “உள்ள வாங்க.” “நிறுத்துங்க, நன்றிங்க.” கல்யாணமான நாளிலிருந்து ‘எடு, இறக்கு’ என்று சொன்னவர் ‘ங்க’ போட்டதும் தளமே நிமிர்ந்து உட்கார்ந்தது. கம்பி கட்டுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வாக்கிடாக்கியைக் காதில் வைத்துக்கொண்டார்கள். நானும் விடவில்லை. ஒவ்வொரு உத்தரவுக்கும் “ஆகட்டுங்க ஐயா” என்றேன். எடுத்து வைத்த ஒவ்வொரு கம்பிக்கட்டும் அவ்வளவு மரியாதையோடு போய் இறங்கியது.

புதன்கிழமை மதியம் நான் நேராக மேனேஜரிடம் போனேன். வேறு சிக்னல்காரர் வேண்டும் என்று கேட்டேன். காரணம் கேட்டால் சொல்ல ஒரு நீண்ட பேச்சும் தயாராக வைத்திருந்தேன். அவர் காரணம் கேட்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“காலையில உங்க வீட்டுக்காரர் வந்து, வேற தளத்துக்கு மாத்துங்கன்னு கேட்டுட்டுப் போனாரு. நீங்க ரெண்டு பேரும் வீட்ல பேசிக்கவே மாட்டீங்களா?”

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. நான் கேட்கலாம், அதில் நியாயம் இருக்கிறது. அவர் எப்படிக் கேட்கலாம்? அடுத்த ஊரில் நடக்கும் வேலைக்கு ஆள் தேவைப்படுகிறதாம். அங்கேயே தங்கிக்கொள்ள வேண்டும், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம். கட்டடம் முடியும்வரை அப்படித்தான். வியாழக்கிழமை கண்ணாடி ஏற்றும் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமையிலிருந்து புது ஆள் என்றார் மேனேஜர். கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் தகரக் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அன்று சாயங்காலம் அவர் பயணப் பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். ஒரு சட்டையை மடித்து உள்ளே வைத்தார். எடுத்தார். திரும்ப மடித்து வைத்தார். இந்த மனிதர் சட்டை மடித்து நான் பார்த்ததே இல்லை. ஒரு வார்த்தை, “போகாதீங்க” என்ற ஒரே ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். அவர் போகக் கூடாது என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் பயந்தவள் என்று சொன்ன வாய் முதலில் திறக்கட்டும் என்று இருந்துவிட்டேன். தளத்தில் சுமைக்குப் பின்னால் ஓடுகிறவள், வீட்டில் ஓரடி நகரவில்லை.

வியாழக்கிழமை வந்தது. கண்ணாடியும் வந்தது.

கட்டடத்தின் முகப்புக்கு, மூன்றாம் மாடியில் பொருத்த வேண்டிய கண்ணாடி. இரும்புச் சட்டத்துக்குள் ஒரே வீச்சு, ஒரு கூடத்தின் சுவர் அகலம் இருக்கும். கப்பலில் வந்தது. உடைந்தால் மறுபடி செய்து வருவதற்குள் கட்டடத் திறப்பு விழா முடிந்து மாலையெல்லாம் வாடிவிடும். எடை ஒன்றும் பெரிதில்லை, என் கிரேனுக்கு அது கொசு. அகலம்தான் வில்லங்கம். அகலமாகவும் லேசாகவும் இருப்பதைக் கண்டால் காற்றுக்குக் கொண்டாட்டம்.

அதனால் சட்டத்தின் இரண்டு ஓரங்களிலும் நீளமான கயிறு கட்டி, கீழே ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு கயிறு ‘தூண்’ என்கிற நெட்டை ஆளிடம். இன்னொன்று ‘சுருள்’ என்கிற சுருட்டை முடிக்காரரிடம். சிக்னல்காரர் கயிற்றைத் தொடக் கூடாது என்பது சட்டம். அவருடைய கண்ணும் கையும் சைகைக்கு மட்டுமே. மேனேஜர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டார்.

காலையில் பச்சைதான் எரிந்தது. “மெதுவா எடுங்க” என்றார் வீட்டுக்காரர். “ஆகட்டுங்க ஐயா” என்றேன். கண்ணாடி தரையைவிட்டுக் கிளம்பியது. நல்ல பிள்ளையாக இரண்டாம் மாடி வரை வந்தது. அங்கேதான் பக்கத்துக் கட்டடத்துக்கும் எங்கள் கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்துக்குள்ளிருந்து காற்று, காத்திருந்த மாதிரி கிளம்பி வந்தது. விளக்கு மஞ்சளானது. கண்ணாடி சாலைப்பக்கமாக ஒரு முறை சாய்ந்து, திரும்பிக் கட்டடத்தைப் பார்த்து வந்தது.

அந்த இடத்தில் நான் ஒரு கணக்குப் போட்டேன். மனிதர் கோபத்தில் இருக்கிறார், வேலையில் மனசு இருக்காது, கயிற்றுக்காரர்களைத் தளர விட்டிருப்பார். கீழிருந்து உதவி வராது, எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் வழக்கத்தைவிட வேகமாக டிராலியை ஓட்டினேன். கண்ணாடி சாலைப்பக்கம் போனதும் நானும் சாலைப்பக்கம் பாய்ந்தேன்.

அதே நேரத்தில் கீழே அவரும் ஒரு கணக்குப் போட்டிருந்தார். இவள் கோபத்தில் இருக்கிறாள், கை கனமாக இருக்கும், ஆட்டத்தைப் பிடிக்க மாட்டாள். கீழிருந்து நாமே இழுத்து நிறுத்திவிட வேண்டும். அதனால் தூணையும் சுருளையும் கட்டடத்துப் பக்கமாகப் பலம்கொண்ட மட்டும் இழுக்கச் சொல்லியிருந்தார்.

ஆக, சுமையின் தலைக்கு மேலே போய் நிற்க நான் வெளியே ஓடினேன், அவர்கள் சுமையை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். வடம் செங்குத்தாவதற்குப் பதில் இன்னும் சாய்ந்தது. அடுத்த ஆட்டம் இரண்டு மடங்கு. நான் இன்னும் வேகமாக ஓடினேன். அவர்கள் இன்னும் பலமாக இழுத்தார்கள். கண்ணாடியில் வானமும் தரையும் மாறி மாறித் தெரிந்தன. மூன்றாம் மாடியில் அதை வாங்கிப் பொருத்தக் காத்திருந்தவர்கள் விளிம்பைவிட்டு உள்ளே ஓடிவிட்டார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு சுமை அடங்காமல் போனதில்லை. கீழே பார்த்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து கயிறு தெரியாது, ஆட்களின் தலைக்கவசம்தான் பொட்டுப் பொட்டாகத் தெரியும். கயிற்றுக்காரர்களுக்கு மஞ்சள், சிக்னல்காரருக்கு சிவப்பு. கயிற்றின் முனையில், தூணின் மஞ்சள் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பாவி மனிதர் தானே கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, அவ்வளவு ஆசையாகப் பிடித்திருக்கிறாரே, அவரே நிறுத்தட்டும் என்று லீவரிலிருந்து கையை எடுத்தேன். அதே கணம் அவர் மேலே பார்த்தாராம். டிராலி தறிகெட்டு ஓடுவதைப் பார்த்து, சரி, அவளே பார்த்துக்கொள்கிறாள் என்று கயிற்றைத் தளர விட்டாராம். விளைவு, கண்ணாடிக்கு ஆளே இல்லாமல் போனது. அது தன் இஷ்டத்துக்கு ஒரு பெரிய ஆட்டம் போட்டது. பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பதறிப்போய் நான் மறுபடி லீவரைப் பிடித்தேன். பதறிப்போய் அவர் மறுபடி கயிற்றைப் பிடித்தார். வாசலில் எதிரெதிரே வந்துவிட்ட இரண்டு பேர் மாதிரி, ஒதுங்கினாலும் ஒன்றாக ஒதுங்கினோம், நகர்ந்தாலும் ஒன்றாக நகர்ந்தோம்.

கண்ணாடியின் ஓரம் சாரக் கம்பியை ஒரு சாணில் தப்பியது. அப்போதுதான் பட்டனை அமுக்கினேன். இரண்டு நாளில் முதல் முறையாக, வேலைக்கான வார்த்தையைத் தவிர வேறொன்றை அவரிடம் கேட்டேன்.

“கயிறு யார் கையில இருக்கு?”

கேட்காதவர் போல இருந்தார். திரும்பக் கேட்டேன்.

“என் கையில.”

“ஏங்க?”

“நீ கோவமா இருக்க. கை தடுமாறும்னு நெனச்சேன். கீழேர்ந்து கொஞ்சம் உதவலாம்னு.”

“நீங்க கோவமா இருக்கீங்க, கயிறைக் கண்டுக்க மாட்டீங்கன்னு நான் நெனச்சேன்.”

சாலைப்பக்கம், கட்டடத்துப்பக்கம், சாலைப்பக்கம் என்று கண்ணாடி எங்களுக்கு நடுவே போய் வந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கோபத்தில் இருப்பேன் என்று அவர் எனக்காக உழைத்தார். அவர் கோபத்தில் இருப்பார் என்று நான் அவருக்காக உழைத்தேன். இரண்டு உழைப்பும் சேர்ந்து கண்ணாடியை உடைக்கப் பார்த்தன.

“ஆட்டத்தை நான் பாத்துக்கறேன்” என்றேன். “அது காத்துல திரும்பிக்காம மட்டும் கயிறைப் பிடிங்க. இழுக்க வேணாம். நீங்க தொடவே வேணாம்.”

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஆட்டம் முழுதாகப் போய் வந்தது. ஒரு கயிற்றை விட எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது. பிறகு சிவப்புப் பொட்டு மஞ்சள் பொட்டைவிட்டு விலகி, தன்னுடைய இடத்துக்குத் திரும்பி நடந்தது. இரண்டு கைகளையும் மேலே தூக்கி விரித்துக் காட்டினார். வெறும் கை.

கண்ணாடி சாலைப்பக்கம் கிளம்பியது. நானும் கூடவே போனேன், அவசரப்படாமல், அது போகிற வேகத்திலேயே. ஓரத்தில் அது ஒரு கணம் தயங்கியது. நான் அதன் தலைக்கு மேலே இருந்தேன். ஆட்டம் பாதியானது. கட்டடத்துப் பக்கம் ஒரு முறை, மறுபடி சாலைப்பக்கம் ஒரு சின்ன ஆட்டம், அவ்வளவுதான். தூணும் சுருளும் கயிற்றைத் தளரவும் விடாமல் இழுக்கவும் செய்யாமல், முகம் திரும்பாதபடி மட்டும் பிடித்திருந்தார்கள். சந்துக் காற்று இன்னொரு முறை வந்து முட்டிப் பார்த்தது. நாங்கள் மசியவில்லை. மூன்றாம் மாடிக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே எட்டிப் பார்த்து, கையை நீட்டி, சட்டத்தை வாங்கிக்கொண்டார்கள். போல்ட் முறுக்கி முடித்து, சட்டத்தைத் தூக்கி வந்த பெல்ட்டைக் கழற்றும்வரை நான் மூச்சை முழுதாக விடவில்லை.

கீழே யாரோ கைதட்டினார்கள். மேனேஜரின் குரல் வாக்கிடாக்கியில் வந்தது. பிரமாதம் என்றார். கொஞ்ச நேரத்துக்குமுன் தலையைப் பிடித்துக்கொண்டவர் அவரில்லை போலப் பேசினார். பிறகு கேட்டார்:

“மேலிடம், நாளைக்கு புது சிக்னல்காரர் வந்துடுவாரு. உங்களுக்குச் சம்மதம்தானே?”

பட்டன்மேல் விரலை வைத்தேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாருக்கும் முன்னால் நான் தோற்றதாகிவிடும். சொல்லாவிட்டால் நாளைக்கு அந்தப் பை கிளம்பிப் போய்விடும். கட்டிலில் அது இருந்த, அவர் படுக்கிற இடத்தை நினைத்துப் பார்த்தேன். வாரத்தில் ஆறு நாள் அந்த இடம் காலியாக இருக்கும். விரல் பட்டன்மேலேயே இருந்தது.

“ஒரு நிமிஷம் சார்” என்று வேறொரு குரல் குறுக்கே வந்தது. வீட்டுக்காரர். “அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். செவ்வாய்க்கிழமை சிவப்பு எரிஞ்சப்ப அவ நிறுத்தினது சரி. நீங்க என் பக்கத்துல நின்னுட்டு, இது ஒண்ணை முடிச்சுடச் சொல்லுன்னு சொன்னீங்க. முடியாது சார்னு சொல்ல எனக்கு தைரியம் வரல. பயந்தது நான்தான். அந்த பயத்தை அவ தலையில கட்டிட்டேன். தப்பு என்னோடது.”



அந்த மனிதர் மேனேஜர் எதிரில் நிமிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. இன்று அவரையே சாட்சிக்கு இழுத்துவைத்து, எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கூண்டின் கண்ணாடி வழியே சிவப்புப் பொட்டைத் தேடினேன். நின்ற இடத்தில் தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கி ஓட வேண்டும் போல இருந்தது. ஏணி அவ்வளவு நீளமாக இருப்பதில் எனக்கு முதல் முறையாக வருத்தம் வந்தது.

ஆனால் இரண்டு நாள் ‘ங்க’ போட்ட மனிதர். அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியுமா? பட்டனை அமுக்கினேன்.

“சத்தம் தெளிவா கேக்கல. திரும்பச் சொல்லுங்க.”

சட்டம் சட்டம்தான். அவர் திரும்பச் சொன்னார், இந்த முறை இன்னும் சத்தமாக, ‘பயந்தது நான்தான்’ என்பதை நிறுத்தி நிதானமாக. எங்களுக்கு முதல் தடவையே கேட்டுச்சே என்று தூண் யாரிடமோ சொல்வதும், அவரை யாரோ அடக்குவதும் பின்னால் கேட்டது. மேனேஜர் செருமினார். தனக்கு இரண்டு தடவையும் நன்றாகவே கேட்டது என்றும், இனிமேல் சிவப்பு எரிந்தால் தான் யார் பக்கத்திலும் போய் நிற்பதாக இல்லை என்றும் சொன்னார். பிறகு, புது ஆள் விஷயம் என்ன ஆச்சு என்று தயங்கிக் கேட்டார்.

“புது ஆள் வேணாம் சார்” என்றேன். “இவர் குரல் பழகிடுச்சு. ஏங்க, வீட்டுக்குப் போனதும் அந்தப் பையை எடுத்துப் பரண்ல போடுங்க.”

எந்தப் பை என்று சுருள் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. வெறும் கொக்கி காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கீழே அடுத்த சுமை, ஒரு சாதாரணக் கம்பிக்கட்டு, காத்துக்கொண்டிருந்தது.

“கொக்கியை இறக்கு” என்றார் அவர். ‘ங்க’ இல்லை.

தெளிவாகத்தான் கேட்டது. ஆனாலும் லீவரைத் தொடாமல், “திரும்பச் சொல்லுங்க” என்றேன்.